நீர்ச்செடித் தொட்டிக்கு எந்த விளக்கு? வாட், லுமென், கெல்வின்: எதைப் பார்த்து வாங்குவது?

#1 கெண்டை

வணக்கம் நண்பர்களே. மீனுக்காக மட்டும் வைத்திருந்த தொட்டியில் இப்போது செடி வளர்க்க ஆரம்பித்திருக்கிறேன். அளவு 60 × 30 × 36 செ.மீ. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் வென்டி மூன்றும் இருக்கின்றன. பின்வரிசையில் ரொட்டாலா நட்டிருக்கிறேன். செடிக்குக் கரியமில வாயு கொடுக்கும் சிஓ2 சிலிண்டர் கிடையாது.

மூடியோடு சேர்ந்து வந்த விளக்கு நீலம் கலந்த வெள்ளை, நிறச் சாயல் எண் 10,000 கெல்வின் என்று போட்டிருக்கிறது. அதன் கீழே ரொட்டாலா ஒல்லியாக, கணுவுக்குக் கணு இடைவெளி விட்டு மேலே ஓடுகிறது. அடி இலைகள் பழுத்து உதிர்கின்றன. விளக்கை மாற்றலாம் என்று மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன்:

– 18 வாட் வெள்ளை எல்இடி பார் (நீளப் பட்டை விளக்கு), 6500 கெல்வின். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது.
– 30 வாட் ஆர்ஜிபி பார். வெள்ளையோடு சிவப்பு, பச்சை, நீல சிப்புகளும் உண்டு. டிம்மர் இருக்கிறது.
– 50 வாட் ஃப்ளட்லைட், வாசலுக்குப் போடுகிற வகை.

முன்பக்கம் புல் விரித்த மாதிரி கார்பெட் வர வேண்டும் என்று ஆசை. எதை வாங்கலாம்?

#2 ஓடைக்கரை

தம்பி, விளக்கைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். சிஓ2 போடப் போகிறீர்களா, இல்லையா? விளக்கு எத்தனை வாட் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

காரணம் இதுதான். ஒளி, சிஓ2, உரம் மூன்றில் எது குறைவாக இருக்கிறதோ அதுதான் வளர்ச்சியின் எல்லையைத் தீர்மானிக்கும். காற்றோடு சமநிலையில் இருக்கிற தண்ணீரில் கரைந்திருக்கும் சிஓ2 லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவுதான். மீனின் மூச்சும், மண்ணில் மட்கும் கழிவும் அதைக் கொஞ்சம் கூட்டும். அவ்வளவே இருப்பு. அந்த இருப்பை வைத்துக்கொண்டு செடி எவ்வளவு வெளிச்சத்தைப் பயன்படுத்த முடியுமோ, அதற்கு மேல் விழுகிற வெளிச்சம் செடிக்கு ஆகாது. பாசிக்குத்தான் போகும். பாசிக்கு மிகக் குறைந்த சிஓ2 போதும், இலையும் வேரும் கட்ட வேண்டிய வேலையும் அதற்கு இல்லை.

சிலிண்டர் போட்டு லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை ஏற்றினால் கதை வேறு. அப்போது அதே செடி இரண்டு மூன்று மடங்கு வெளிச்சத்தையும் வாங்கிக்கொள்ளும்.

சிஓ2 இல்லை என்றால் அந்த 50 வாட்டை இப்போதே மறந்துவிடுங்கள். "வெளிச்சம் போதவில்லை" என்று இங்கே வருகிற தொட்டிகளில் பெரும்பாலானவற்றில் உண்மையான சிக்கல் வெளிச்சம் கூடிப்போனதுதான். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

#3 மின்கம்பி

ஓடைக்கரை ஐயா சொன்னதோடு வாட் கணக்கையும் ஓரங்கட்டிவிடலாம். "லிட்டருக்கு அரை வாட்", "கேலனுக்கு 2 வாட்" என்பதெல்லாம் குழல் விளக்குக் காலத்து விதிகள். அப்போது எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரியான டி12, டி8 எனும் தடித்த குழல்களைப் போட்டார்கள். அதனால் வாட் ஒத்திருந்தால் வெளிச்சமும் ஒத்திருந்தது. 16 மி.மீ. விட்டமுள்ள டி5 குழல் நல்ல ரிஃப்ளெக்டரோடு வந்தபோதே அந்த விதி ஆட்டம் கண்டது. எல்இடி வந்த பிறகு முழுதாகப் போய்விட்டது.

வாட் என்பது விளக்கு இழுக்கிற மின்சாரம். அதில் எவ்வளவு வெளிச்சமாக வெளியே வருகிறது என்பது சிப்பைப் பொறுத்தது. சுமாரான எல்இடி வாட்டுக்கு 70, 80 லுமென் (வெளிவரும் வெளிச்சத்தின் அளவு) தரும். நல்லது 150ஐயும் தாண்டும். இரண்டு டப்பா மேலேயும் "18 வாட்" என்றுதான் அச்சடித்திருக்கும்.

லுமெனும் முழு உண்மை இல்லை. அது மனிதக் கண்ணுக்காக வகுத்த அளவு. நம் கண் 555 நானோமீட்டர் பக்கம், அதாவது மஞ்சள் கலந்த பச்சையில்தான் கூர்மை. செடி 400 முதல் 700 நானோமீட்டர் வரை உள்ள ஒளியை ஒளிச்சேர்க்கைக்கு எடுத்துக்கொள்ளும். அதைத்தான் பிஏஆர் என்கிறோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள் விழுகிறது என்பது கணக்கு.

தொட்டியின் அடிமட்டத்தில் அளந்தால் 15 முதல் 30 வரை குறைந்த வெளிச்சம். 30 முதல் 50 வரை நடுத்தரம். அதற்கு மேல் போனால் சிஓ2 இல்லாமல் சமாளிப்பது கடினம். எல்லைக்கோடுகளை ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்னே பின்னே சொல்வார்கள், ஆனால் வரிசை இதுதான். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோ எல்லாம் முதல் படியிலேயே நிம்மதியாக வாழும்.

#4 அல்லி

பிஏஆர் மீட்டர் எல்லோரிடமும் இருக்காது. வாங்கும்போது டப்பாவில் லுமென்தான் இருக்கும். அதனால் வாசலிலேயே வடிகட்ட நான் லிட்டர் கணக்குப் பார்ப்பேன். லிட்டருக்கு 10–20 லுமென் என்றால் எளிய செடிகளுக்குப் போதும். 20–40 நடுத்தரம். 40க்கு மேல் சிஓ2 கட்டாயம். இது மிக ஆழமில்லாத, வழக்கமான தொட்டிகளுக்குப் பொருந்தும் தோராயம்.

கெண்டை தம்பியின் தொட்டியைப் போட்டுப் பார்ப்போம். அடியில் 5 செ.மீ. மண், மேலே 3 செ.மீ. இடம் போக தண்ணீர் 60 × 30 × 28, சுமார் 50 லிட்டர். அப்படியானால் 500 முதல் 1000 லுமென் வரை எளிய செடிக்கு. 1000 முதல் 2000 வரை நடுத்தரம்.

18 வாட் பார் வாட்டுக்கு 100 லுமென் தந்தால் 1800. அதாவது நடுத்தரத்தின் மேல் விளிம்பு! ஃப்ளட்லைட் 5000 பக்கம் போகும். சின்னதாகத் தெரிகிற 18 வாட்டே உங்களுக்குத் தாராளம்.

#5 கெண்டை

இது எதிர்பார்க்காத பதில். நான் 18 வாட் பத்தாதோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் ரொட்டாலா ஏன் ஒல்லியாகிறது? 10,000 கெல்வின் என்பதால் செடிக்கு வேண்டிய நிறம் அதில் இல்லையா? சிவப்பும் நீலமும் மட்டும் உள்ள "குரோ லைட்" போடச் சொல்லி ஒரு நண்பர் சொல்கிறார்.

#6 மின்கம்பி

கெல்வினைப் பற்றித் தனியாக எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

கெல்வின் எண் அந்த வெள்ளை எந்தச் சாயலில் நம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதைத்தான் சொல்கிறது. 3000 மஞ்சள் சாயல், 6500 பகல் வெளிச்சம், 10,000 நீலச் சாயல். உள்ளே என்னென்ன அலைநீளம் எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்லாது. ஒரே 6500 கெல்வினில் இரண்டு விளக்குகளின் உள்ளடக்கம் வேறு வேறாக இருக்கலாம். ஒன்றின் கீழே சிவப்பு மீன் சிவப்பாகத் தெரியும், இன்னொன்றின் கீழே செங்கல் நிறத்தில் வெளிறிப்போகும்.

நாம் வாங்குகிற வெள்ளை எல்இடி பெரும்பாலும் 450 நானோமீட்டர் பக்கத்து நீலச் சிப். அதன் மேல் பூசிய மஞ்சள் ஃபாஸ்பர் அந்த நீலத்தில் ஒரு பங்கை பச்சை, மஞ்சள், கொஞ்சம் சிவப்பு என்று மாற்றித் தருகிறது. இரண்டும் கலந்து வெள்ளை. கெல்வின் ஏற ஏற பூச்சு குறைவு, நீலம் அதிகம், சிவப்பு கம்மி. 10,000 கெல்வின் விளக்கில் செடி வளராது என்பது தவறு, வளரும். பார்க்க மட்டும் பனி பெய்த மாதிரி இருக்கும், சிவப்புச் செடி மங்கும்.

அடுத்து குரோ லைட். பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் அதிகம் உறிஞ்சும் என்ற வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் இந்த யோசனையைச் சொல்கிறார்கள். அந்த வரைபடம் பச்சையத்தைப் பிரித்தெடுத்து, கரைசலில் போட்டு அளந்தது. முழு இலையில் கரோட்டினாய்டு என்ற வேறு நிறமிகளும் இருக்கின்றன, ஒளி உள்ளேயே சிதறித் திரும்பவும் படுகிறது. 1972இல் மெக்ரீ என்ற ஆய்வாளர் பயிர்ச்செடிகளின் இலைகளில் அலைநீளம் மாற்றி மாற்றி ஒளிச்சேர்க்கையை அளந்து காட்டினார்: சிவப்பில் உச்சம்தான், ஆனால் பச்சை ஒளியிலும் கணிசமான வேலை நடக்கிறது. பச்சை ஒளி இலைக்குள் ஆழமாகவும் இறங்கும்.

ஆக 400–700 முழுவதும் பரவிய வெள்ளை விளக்கு எதுவும் செடியை வளர்க்கும். நிறக்கலவை முக்கியமாக நம் கண்ணுக்காக. அளவும் நேரமும்தான் செடிக்காக.

"தண்ணீர் சிவப்பை விழுங்கிவிடும்" என்பதும் அடிக்கடி வரும். கடலுக்கு அது சரி. நம் தொட்டியின் 30 செ.மீ. ஆழத்தில் 660 நானோமீட்டர் சிவப்பில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் போகும். மரக்கட்டை போட்டுத் தேநீர் நிறத்தில் இருக்கிற தண்ணீர் அதைவிட அதிகமாக நீலத்தைத் தின்னும்.

#7 வரால்

என் தொட்டியில் சிவப்பு-நீலக் குரோ லைட்தான். செடி நன்றாகவே வளர்கிறது. இதை ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

#8 மின்கம்பி

வளராது என்று நான் சொல்லவில்லையே வரால். உங்கள் தொட்டியில் இலைகள் கருப்பாகவும் தண்ணீர் ஊதாவாகவும் தெரியும். நாற்றங்காலுக்கு அது போதும். கூடத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்காக வைக்கிற தொட்டியில் கொஞ்சம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அந்த அழகை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது. இன்னொன்று: பச்சையே இல்லாத ஒளியில் இலையில் மஞ்சள் தட்டுவதோ பாசி ஆரம்பிப்பதோ கண்ணுக்குச் சீக்கிரம் பிடிபடாது. செடி என்ன சொல்கிறது என்று பார்க்க முடியாமல் எப்படி வளர்ப்பது?

#9 வரால்

அந்தக் கடைசிக் காரணம் நியாயம். ஒத்துக்கொள்கிறேன்.

#10 ஓடைக்கரை

ரொட்டாலா கேள்விக்கு வருகிறேன். இதை விளக்கின் தலையில் போடும் முன் இரண்டு விஷயம் பாருங்கள்.

முதலாவது, உதிர்கிற இலை எது? நர்சரியில் பெரும்பாலான செடிகளைத் தண்ணீருக்கு வெளியே, ஈரக்காற்றில் வளர்க்கிறார்கள். அந்த இலை தடிப்பாக, சற்று உருண்டையாக, கரும்பச்சையாக இருக்கும். நீருக்குள் வந்ததும் செடி அவற்றைக் கைவிட்டு மெல்லிய, நீளமான புது இலைகளை விடும். பழைய இலை உதிர்வது மட்டும்தான் என்றால் எந்த விளக்கு போட்டாலும் அது நடக்கும். கிரிப்டோவிலும் இதே கதை, அங்கே இலை கண்ணாடி போலாகி ஒரேயடியாகக் கரைந்துவிடும். வேர் இருந்தால் திரும்ப வரும், பிடுங்கிப் போடாதீர்கள்.

இரண்டாவது, நிழல். கொத்தாக நட்ட ரொட்டாலா மேலே வந்து படர்ந்ததும் தன் காலுக்கே குடை பிடிக்கிறது. மேற்பரப்பில் நல்ல வெளிச்சம் இருக்கும், அந்தக் கொத்துக்குள் கையை விட்டு விலக்கிப் பாருங்கள், அடியில் இருட்டு. அங்கே விளக்கை இரட்டிப்பாக்கினாலும் பயன் மேலே உள்ள இலைக்குத்தான். ஒவ்வொரு தண்டையும் விரல் அகலம் தள்ளி நடுங்கள். உயரம் வந்ததும் தலையை வெட்டி நடுங்கள், பின்வரிசைக்கு முன்னால் உயரமான கல் நிழல் விழாமல் பாருங்கள்.

இரண்டும் சரியாக இருந்து, புதிதாக விட்ட கணுக்களும் நீண்டே போனால் வெளிச்சம் குறைவு என்று சொல்லலாம்.

#11 அல்லி

செலவில்லாமல் அளக்க ஒரு வழி. கைப்பேசியில் லக்ஸ் மீட்டர் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை அளப்பது) செயலி போட்டால் முன்பக்க சென்சாரே அளந்து சொல்லும். தொட்டி காலியாக இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது. தண்ணீர் இருந்தால் விளக்கைக் கழற்றி, அதே உயரத்தில் வெளியே ஒரு பலகையில் தாங்கிப் பிடித்து, அடிமட்டத்தில் கைப்பேசியை மல்லாக்க வைத்துப் படியுங்கள். நடுவில் ஒன்று, நான்கு மூலையில் ஒவ்வொன்று.

வெள்ளை எல்இடி என்றால் வருகிற லக்ஸை 70ஆல் வகுத்தால் பிஏஆர் ஓரளவு கிடைக்கும். 2100 லக்ஸ் என்றால் சுமார் 30. சூரிய ஒளிக்கு வகுக்க வேண்டியது 54. நிறக்கலவை மாறினால் வகுக்கும் எண்ணும் மாறும் என்பதால் ஆர்ஜிபி விளக்கில் வெள்ளையை மட்டும் எரியவிட்டு அளங்கள். சிவப்பு, நீலம் சேர்ந்தால் லக்ஸ் கம்மியாகக் காட்டும், செடிக்கு உண்மையில் அதைவிட அதிகமாகவே கிடைக்கும். கைப்பேசிக்குக் கைப்பேசி சென்சார் வேறுபடும். ஆனால் ஒரே கைப்பேசியில் இன்றும் அடுத்த மாதமும் அளந்தால் கூடியதா குறைந்ததா என்பது தெரியும், அதுவே பெரிய உதவி.

மூலைகளையும் அளக்கச் சொன்னது காரணத்தோடுதான். நடுவில் 40 இருக்கிற தொட்டியில் மூலையில் பாதிகூட இருக்காது. விளக்கின் நீளம் தொட்டி நீளத்துக்கு அருகில் இருந்தால் இந்த வித்தியாசம் குறையும். 60 செ.மீ. தொட்டிக்கு 30 செ.மீ. விளக்கு வைத்தால் நடுவில் பாசி, ஓரத்தில் பட்டினி. விளக்கைக் கொஞ்சம் உயர்த்தினால் ஒளி பரவிச் சமமாகும், செறிவும் குறையும். டிம்மர் இல்லாத விளக்கு வைத்திருப்பவர்களுக்கு உயரம்தான் டிம்மர்.

மேல் கண்ணாடியையும் துடையுங்கள்! உள்பக்கம் நீர்த்துளி காய்ந்து காய்ந்து வெள்ளைப்படலமாக உப்பு படியும். அது தின்கிற வெளிச்சத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வினிகர் தொட்ட துணியால் துடைத்துக் கழுவினால் போய்விடும்.

#12 ஆம்பல்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் தொட்டியில் அனுபியாஸ் இலை மேல் கரும்பச்சைப் புள்ளிகள். முதலில் மிளகு தூவிய மாதிரி ஆரம்பித்து, இப்போது பழைய இலைகளில் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. நகத்தால் சுரண்டினாலும் வருவதில்லை. கண்ணாடியிலும் அதே வட்டப் புள்ளி, பிளேடு வைத்தால்தான் போகிறது. புது இலை மட்டும் சுத்தமாக இருக்கிறது. கட்டை மேல் உயரத்தில் கட்டியிருக்கிறேன், விளக்குக்கு நேர் கீழே. பத்து மணி நேரம் எரிகிறது. சிஓ2 இல்லை.

#13 ஓடைக்கரை

நீங்கள் சொன்ன விவரத்திலேயே பதில் இருக்கிறது அம்மா. அது பச்சைப்புள்ளிப் பாசி. அனுபியாஸ் மெதுவாக வளரும் செடி. ஒரு இலை மாதக்கணக்கில் அதே இடத்தில் நிற்கும். அதை விளக்குக்கு அருகில், அதுவும் நேர் கீழே வைத்தால் பாசிக்கு நிரந்தரமான ஒரு மேடை கிடைத்துவிடுகிறது. கட்டையை ஓரத்துக்கு, அல்லது பெரிய செடியின் நிழலுக்கு நகர்த்துங்கள். விளக்கு எரிவதை ஆறு மணி நேரமாகக் குறையுங்கள். உரத்தில் பாஸ்பேட் இருக்கிறதா என்றும் பாருங்கள், பாஸ்பேட் பற்றாக்குறையிலும் இந்தப் பாசி கிளம்பும். மோசமான இலைகளைத் தண்டோடு ஒட்ட வெட்டிவிடுங்கள். அவை திரும்பத் தெளியாது.

இதை வைத்தே நேரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புதுத் தொட்டிக்கு ஆறு மணி நேரம் போதும். செடி வேர் பிடித்து, வாராவாரம் வெட்டுகிற நிலைக்கு வந்த பிறகு எட்டுவரை போகலாம். பத்து, பன்னிரண்டு மணி நேரம் எரிப்பதால் மந்தமான விளக்கு பலமான விளக்காகிவிடாது. பாசிக்கு மட்டும் நேரம் கூடும்.

டைமர் இல்லாமல் விளக்கு வாங்கவே வாங்காதீர்கள். கையால் போட்டு அணைக்கிற தொட்டியில் ஒருநாள் ஐந்து மணி நேரம், மறுநாள் பதினோரு மணி நேரம் என்று ஆகும். வீட்டில் விருந்தாளி வந்தால் நள்ளிரவுவரை எரியும். மீனுக்கும் இருட்டு வேண்டும். அதனால் இரவு முழுக்க நீல "நிலா விளக்கு" எரியவிடுவதும் எனக்கு உடன்பாடில்லை. படுக்கும் முன் அரைமணி நேரம் எரிந்தால் சரி.

எல்லாப் பாசிக்கும் விளக்கின் மேல் பழி போடவும் கூடாது. புதுத் தொட்டியில் வரும் பழுப்புத் தூசி டயாட்டம் என்ற நுண்பாசி, சில வாரத்தில் தானே அடங்கும். இலை விளிம்பில் கருந்தாடி மாதிரி வருவது பெரும்பாலும் சிஓ2 ஏறி இறங்குவதால். தண்ணீரே பச்சையானால் ஜன்னல் வெயில் படுகிறதா என்று முதலில் பாருங்கள்.

#14 வரால்

நேரத்தைப் பற்றி ஒரு மாற்றுக் கருத்து. நான்கு மணி நேரம் எரித்து, நடுவில் மூன்று நான்கு மணி நேரம் அணைத்து, மறுபடி நான்கு மணி நேரம் எரிப்பது. சிஓ2 இல்லாத தொட்டியில் காலையில் செடி தின்று தீர்த்த சிஓ2 அந்த இடைவேளையில் மறுபடி சேர்கிறது. காலையிலும் இரவு வீடு திரும்பிய பிறகும் தொட்டியைப் பார்க்கவும் முடிகிறது.

#15 ஓடைக்கரை

மண் தடிப்பாக, மட்கு அதிகமாக உள்ள தொட்டியில் நீங்கள் சொல்வது நன்றாக வேலை செய்யும். இடைவேளையில் சிஓ2 ஊறிவர அங்கே ஊற்று இருக்கிறது. வெறும் மணல் போட்ட தொட்டியில் பெரிய மாற்றம் எதிர்பார்க்க முடியாது. இடைவேளை விட்டால் பாசி ஒழியும் என்று சிலர் சொல்வதை மட்டும் நான் ஏற்கவில்லை. உங்கள் வேலை நேரத்துக்குப் பொருந்தினால் தாராளமாகச் செய்யுங்கள்.

#16 மின்கம்பி

ஃப்ளட்லைட் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை. சிஓ2 உள்ள, ஆழமான தொட்டிக்கு அது நல்ல தேர்வுதான். தொங்கவிட்டு, 30–40 செ.மீ. உயரத்தில் வைத்தால் நீரலையின் நிழல் மணலில் ஆடுவது அவ்வளவு அழகு. நீண்ட பார் விளக்கில் அது வராது. ஒளி ஒரே இடத்திலிருந்து வருவதால்தான் அந்த ஆட்டம். ஆனால் கெண்டையின் 36 செ.மீ. தொட்டிக்கு 50 வாட் தேவையே இல்லை.

எந்த விளக்கானாலும் மின்சாரத்தில் கவனம் வேண்டும். தண்ணீருக்கு மேலே தொங்குகிற பொருள் இது.

தூசும் நீரும் உள்ளே புகாமல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் ஐபி எண்ணில் இரண்டாவது இலக்கம்தான் தண்ணீருக்கு. ஐபி65 என்றால் பீய்ச்சும் நீரைத் தாங்கும், மூழ்குவதைத் தாங்காது. ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் தாங்கும். தவறி உள்ளே விழுந்துவிடும் இடத்தில் வைப்பதாக இருந்தால் 67 பாருங்கள். 12 அல்லது 24 வோல்ட் அடாப்டரில் ஓடுகிற பார் பாதுகாப்பானது. நேரடி மெயின்ஸில் ஓடுகிற ஃப்ளட்லைட்டைத் தொட்டி விளிம்பில் சாத்தி வைப்பதை நான் எந்த வீட்டிலும் அனுமதிக்க மாட்டேன். தொங்கவிட்டுத்தான் ஆகவேண்டும், எர்த் கம்பி இணைத்திருக்க வேண்டும், அந்த லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்க வேண்டும்.

வயர் தொட்டியிலிருந்து நேராக பிளக்குக்குப் போகக் கூடாது. பிளக் பாயிண்ட்டுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி, அதன்பின் மேலே ஏறட்டும். வயர் வழியே வழியும் துளி அந்த வளைவில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது. தொட்டியில் கைவிடும் முன் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

எல்இடி பாரின் முதுகு அலுமினியமாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் உடம்புக்குள் அடைத்த சிப் சூட்டில் சீக்கிரம் மங்கும். அணையாது, மங்கும். அதனால் யாருக்கும் தெரியாது. அல்லி அக்கா சொன்ன லக்ஸ் அளவை எழுதி வைத்தால் அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

#17 கெண்டை

எல்லோருக்கும் நன்றி. கொத்தை விலக்கிப் பார்த்தேன், ஓடைக்கரை ஐயா சொன்னபடி அடியில் இருட்டுதான். ஆனால் புதுக்கணுக்களும் நீளமாகத்தான் இருக்கின்றன. பழைய விளக்கில் கைப்பேசி வைத்து அளந்ததில் நடுவில் 900 லக்ஸ், மூலையில் 400. வகுத்தால் நடுவில் 13. வெளிச்சமும் குறைவு என்று ஆகிறது.

அந்த 30 வாட் ஆர்ஜிபி எடுத்து டிம்மரில் குறைத்து வைக்கலாமா? கார்பெட் ஆசையை என்ன செய்வது?

#18 அல்லி

அதையே எடுங்கள். 18 வாட் இன்றைக்குச் சரியாக இருக்கும், நாளை சிஓ2 போட்டால் கூட்ட முடியாது. டிம்மர் உள்ள பெரிய விளக்கைப் பாதியில் ஓட்டினால் சூடும் குறைவு, ஆயுளும் கூடுதல். வந்ததும் முதல் வேலையாக வெள்ளையை மட்டும் எரியவிட்டு, நடுவில் 1500 லக்ஸ் வருமாறு டிம்மரை நிறுத்துங்கள். பிறகு சிவப்பையும் நீலத்தையும் கண்ணுக்குப் பிடித்த அளவு சேர்த்துக்கொள்ளுங்கள். பிஏஆர் மொத்தமாக 25 பக்கம் நிற்கும்.

பழகிய செடிக்கு ஒரே நாளில் இரட்டை வெளிச்சம் தராதீர்கள். முதலில் நேரத்தைக் குறைத்து ஐந்து மணி நேரத்தில் ஆரம்பியுங்கள். இரண்டு வாரம் எதையும் தொடாமல் இலையைப் பாருங்கள். விளக்கு, உரம், நேரம் மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது என்ன செய்தது என்று கடவுளுக்கும் தெரியாது.

#19 ஓடைக்கரை

கார்பெட் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். படங்களில் வருகிற அந்த அடர்ந்த விரிப்பு பெரும்பாலும் மான்டே கார்லோ, ஹெமியாந்தஸ் கியூபா, குளோஸோஸ்டிக்மா. சிஓ2 இல்லாமல் அந்தத் தோற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். அவற்றைப் பிழைக்க வைக்க வெளிச்சத்தை ஏற்றினால், முன்னால் செடி தேறும் முன் பின்னால் உள்ள அனுபியாஸ் பாசியில் மூழ்கும்.

இரண்டு பாதை இருக்கிறது. சிஓ2 வேண்டாம் என்றால் முன்வரிசைக்கு மார்சிலியா ஹிர்சுட்டா போடுங்கள். நம் வயல் வரப்பில் இருக்கிற நீராரையின் உறவு. மெதுவாகப் படரும், ஆனால் குறைந்த வெளிச்சத்திலும் படரும். தண்ணீருக்குள் பெரும்பாலும் நான்கு மடல் விடாமல் ஒற்றை மடலாக நிற்கும், அதைப் பார்த்து வேறு செடியோ என்று பயப்படாதீர்கள். கிரிப்டோகோரைன் பார்வாவும் சேரும், அதற்கு இன்னும் அதிகப் பொறுமை வேண்டும்.

சிஓ2 போடுவதாக இருந்தால் சிலிண்டரை முதலில் வாங்குங்கள், விளக்கைக் கடைசியில் ஏற்றுங்கள். விளக்கு எரிவதற்கு ஒன்று இரண்டு மணி நேரம் முன்பே சிஓ2 திறக்க வேண்டும், செடி கண் விழிக்கும்போது தண்ணீரில் அது தயாராக இருக்க வேண்டும். 4 டிகேஹெச் (கார்பனேட் கடினத்தன்மை அளவு) கரைசல் ஊற்றிய டிராப் செக்கர், அதாவது சிஓ2 அளவை நிறத்தால் காட்டும் சிறு கருவி, விளக்கு எரியும் நேரத்தில் இளம்பச்சையாக இருந்தால் 30 மில்லிகிராம் பக்கம் என்று பொருள். நீலம் என்றால் குறைவு, மஞ்சள் என்றால் மீனுக்கு ஆபத்து. நிறம் மாற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆகவே அதை மட்டும் நம்பாமல் மீனையும் பாருங்கள். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே குறைக்க வேண்டும். அது நிலைத்த பிறகு டிம்மரை வாரத்துக்குப் பத்து சதவீதமாக ஏற்றலாம்.

#20 கெண்டை

முதல் பாதையில் போகிறேன் ஐயா. மார்சிலியா போட்டுப் பார்க்கிறேன். 30 வாட் விளக்கு, பாதிக்கும் கீழே டிம்மர், ஐந்து மணி நேரம். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் விளக்கு, ஃபில்டர், ஹீட்டர் மூன்றும் மாட்டி, பாக்ஸுக்கே டைமர் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

#21 மின்கம்பி

வேண்டாம் கெண்டை. டைமரில் விளக்கை மட்டும் மாட்டுங்கள். ஃபில்டர் இரவெல்லாம் நின்றால் உள்ளே இருக்கிற நல்ல பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாமல் சாகும். ஹீட்டரும் இரவில்தான் அதிகம் வேலை செய்யவேண்டியது. அவை இரண்டும் நேரடி சாக்கெட்டில் எப்போதும் இருக்கட்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் வைக்காமல் சுவரில், தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, பக்கவாட்டில் தள்ளித் திருகிவிடுங்கள்.

#22 ஆம்பல்

கட்டையை ஓரத்துக்கு நகர்த்திவிட்டேன், விளக்கும் ஆறு மணி நேரம்தான். உரப் புட்டியைப் பார்த்தேன், அதில் பாஸ்பேட் இல்லை, நைட்ரேட்டும் இல்லை. நுண்சத்து மட்டும்தான். முழு உரம் எவ்வளவு ஊற்றுவது என்று தனி இழையில் கேட்கட்டுமா, இங்கேயே கேட்கட்டுமா?

#23 ஓடைக்கரை

தனி இழையாகவே தொடங்குங்கள் அம்மா, உரம் பற்றி நிறையப் பேச வேண்டியிருக்கும். தொட்டியின் அளவு, மீன் எத்தனை, வாரம் எவ்வளவு தண்ணீர் மாற்றுகிறீர்கள் என்பதை முதல் பதிவிலேயே போட்டுவிடுங்கள்.